சிவப்புத் துணி கட்டிய டப்பா

என் கணவருக்குப் பெரிய ஃப்ரிட்ஜ் வேண்டுமாம். இருப்பதில் இடம் போதவில்லையாம். புதியதை எங்கே வைக்கலாம் என்று சமையலறை மூலையை அளந்துகொண்டிருந்தார். அங்கேதான் என் தையல் மிஷின் இருக்கிறது. அளந்ததும் என் டேப்பால்தான்!

"மிஷின பால்கனிக்குத் தள்ளிடலாம்."

சாரல் அடிக்கும் பால்கனியில் ஊரார் துணியை எப்படித் தைப்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடமெல்லாம் இருக்கு. நேத்து மிச்சத்துக்கு முன்னாடி இன்னிக்கு மிச்சத்த வச்சு மறைக்கிறோம். கடைசியில எல்லாம் குப்பைக்குப் போகுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு வாய் சோறுகூட குப்பைக்குப் போகாது, பாருங்க. போச்சுன்னா மிஷின நானே தள்ளி வைக்கிறேன்."

"நான் சாட்சி," என்றார் மாமியார், எந்தக் கட்சி என்று சொல்லாமல்.

முதலில் தீர வேண்டியதை முன்னால் வைத்து, டப்பாவில் சிவப்புத் துணி கட்டினேன். துண்டுத் துணிக்கு என்னிடமா பஞ்சம்? பசித்து வருகிறவர் கண்ணில் பட்டால் எடுத்துச் சாப்பிடுவார். இதற்கு விளக்கம் வேறா என்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை திறந்து பார்த்தால் கட்டியது கட்டியபடியே இருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கு இன்னும் ஒரு நாள் தாங்காது. அவரோ புதிதாக முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேணும்னே பண்றீங்களா?"

"சிவப்பு கட்டியிருக்கே, எவனாவது கை வைப்பானா? அம்மாவையும் தொட வேணாம்னு சொல்லிட்டேன்."

அவர் எலக்ட்ரீஷியன். வேலை நடக்கும்போது சுவிட்சில் சிவப்பு கட்டியிருந்தால் தொடக்கூடாது. தொட்டால் ஆள் காலி.

கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டேன். கிழங்கை மசித்து அவர் தட்டிலேயே போட்டேன். சிவப்பை அவிழ்த்துப் பச்சையைக் கட்டினேன். அவ்வளவுதான், மனிதர் வேலை விட்டு வந்ததும் பச்சையைத் தேடித் தேடித் தீர்த்தார். மாமியார் வாடிய கேரட்டையும் விடாமல் சூப்பில் போட்டுத் தான் எந்தக் கட்சி என்று காட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குப்பைக்கூடையில் வெங்காயத் தோலும் முட்டை ஓடும்தான் கிடந்தன. ஃப்ரிட்ஜில் நடுத்தட்டு காலி. அவர் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். டேப்பை என் கையில் கொடுத்துவிட்டுக் காய்கறிக் கடைக்குக் கிளம்பினார்.

நானும் தைக்கப் போனேன். மிஷின் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. என் முடிச்சு இல்லை, கம்பி முறுக்கிப் பழகியவர் போட்ட முடிச்சு. மிஷினை இனி யாரும் நகர்த்தக் கூடாதாம்!

"அத அவுக்காத," என்றார் மாமியார். "அப்படியே இருக்கட்டும்."