உலெமுவின் பங்கு

கயிற்றை இழுத்தபோது வலைப்பை மட்டும் மேலே வந்தது. அதற்குள் ஒரே ஒரு நீலச் சிக்லிட் மீன். ஏரிக்குள் மூழ்கி அதைப் பிடித்து அனுப்பிய உலெமு வரவில்லை. மறுநாள் அவன் உடலைத்தான் ஏரி கொடுத்தது.

அந்த மீனை மற்றவற்றோடு விமானத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. செங்கா விரிகுடாவில் ஏற்றுமதி மீன்களை நான் பராமரிக்கும் கொட்டகையில், ஓரத் தொட்டியில் விட்டேன். உலெமுவின் மனைவி சியோனே என் தங்கை. தினமும் வந்து அதன் முன்னால் உட்காருவாள். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. காற்றுக்குழாயின் குமிழிச் சத்தம் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் மீன் இரையைத் தொடாமல் மூலையில் நின்றது.

"என்னண்ணே, இவரும் முறுக்கிக்கிட்டாரா? நாலு தரம் கூப்பிட்டாத்தான் சாப்பிட வருவாரு போல."

"கூப்பிட்டுப் பாரேன்."

"ஆமா, அவரு கேட்டுட்டாலும்."

சிரித்தாள். இழவுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அடுத்த சில நாட்களில் மீனின் வயிறு உப்பியது. பின்னால் வெள்ளை நூலாகக் கழிவு தொங்கியது. எனக்குத் தெரிந்த நோய்தான். பாறையில் பாசி சுரண்டித் தின்னும் இனம் இது; மாமிசம் அதன் குடலில் செரிக்காது. ஆனால் நான் காய்ந்த பாசியைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. தண்ணீர் மாற்றினேன், உப்புப் போட்டேன். தொட்டியின் கல்லைத் தூக்கியபோது அடியில் உசிபா என்ற சின்ன ஏரிமீன் கருவாட்டின் தலைகள் கிடந்தன.

மாலையில் சியோனே வந்தாள். இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து உசிபாவை உள்ளங்கையில் நொறுக்கினாள்.

"எப்பலேருந்து போடுற?"

"இழவு வீட்டுச் சாப்பாட்டுலேருந்து. களி இறங்குச்சு, கருவாடு இறங்கல; அத அவரு பங்குன்னு எடுத்து வெச்சேன். அவரு பங்கை நான் வேற யாருக்குப் போட? உசிபான்னா அவருக்கு உசிரு."

மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"ஏண்ணே, இது அதுக்கு ஆகாதா?"

தண்ணீரில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சின்ன வயதிலிருந்தே என் பொய் அவளிடம் நின்றதில்லை. குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

"சொல்லேன்."

நான் வெளியே எடுத்து வைத்திருந்த கல்லை அந்தக் கருவாட்டுத் தலைகளின் மேலேயே திரும்ப வைத்தேன்.

மீனின் செவுள் அடங்கும்வரை அவள் அங்கேயே இருந்தாள். உசிபாத் தூளைத் தொட்டியிலும் போடவில்லை, தரையிலும் உதறவில்லை. கையை மூடியபடியே எழுந்து வீட்டுக்குப் போனாள்.