வடக்கே வைத்த தலை

மலேசியாவில், லாபிஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி என்று பெயருக்கு ஒன்று இருந்தது. தகரக் கூரை, சில கட்டில்கள், ஆயாவாகச் செல்லம் என்கிற நான். மருந்து கொடுக்க டிரெசர் ஜெயபாலன். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கும் உண்டு, ஆனால் ஆயாவின் கோபம் யாருக்கு வேண்டும்?

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ராஜம்மா தன் மகள் புஷ்பவள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பிள்ளைக்கு வலிப்பு. ஏழு வயது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வலிப்பு நின்றதும் நினைவு தப்பிவிட்டது. சிகாமட் டவுனிலிருந்து வந்த டாக்டர், மூளைக் காய்ச்சல், மூளை வீங்கியிருக்கிறது என்றார். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கச் சொன்னார். தலை மேடாகவே இருக்கட்டும், வீக்கம் வடிந்தால் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் துணி அலசிவிட்டு வந்து பார்த்தால், பிள்ளையின் கால் செங்கல் பக்கம், தலை பள்ளத்தில். முகம் சிவந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் டிரெசர் ஓடி வந்தார். இருவருமாகத் தூக்கித் தலையை மறுபடி மேட்டில் வைத்தோம்.

"யாரு செஞ்ச வேலை இது? பிள்ளைய கொல்லப் பாக்குறியா?" என்று ராஜம்மாவைப் பார்த்துக் கத்தினார் டிரெசர்.

"நான்தாங்க திருப்பினேன்," என்றாள் ராஜம்மா. "செங்கல் வச்ச பக்கம் வடக்குங்க. வடக்க தலை வச்சா உசுரு நிக்காதும்பாங்க. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

டிரெசர் வாயைத் திறந்தார். நல்ல வசவு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செல்லம், அந்தப் பக்கம் பிடி," என்றார் என்னிடம்.

கட்டிலையே திருப்பிப் போட்டோம். நாங்கள் தூக்கிப் பிடிக்க, ராஜம்மாவே செங்கல்லை அடியில் வைத்தாள்.

"இப்ப தலை தெக்க இருக்கு. மேட்டுலயும் இருக்கு. இனிமே தொடுவியா?"

"மாட்டேங்க."

அதன் பிறகு துணி மாற்ற நான் போனாலும், தலை இறங்கிவிடும் என்று என்னையே அதட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஆனால் கண் திறந்தாலும் பிள்ளைக்குப் பெற்றவளைத் தெரியாமல் போகலாம் என்று டிரெசர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை ராஜம்மாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு நாள் காலையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். புஷ்பவள்ளி முகத்தைச் சுளித்தாள். கண் திறந்து என்னைப் பார்த்தாள், டிரெசரைப் பார்த்தாள். நாங்கள் அவளுக்கு யாரோ. பிறகு ராஜம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, தலை வலிக்குதும்மா."

ராஜம்மா கட்டில் சட்டத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"வலிக்கட்டும்டி ராசாத்தி," என்றாள். "நல்லா வலிக்கட்டும்."