அம்மையார்குப்பம் ரகம்

யுத்தம் முடிவதற்கு முந்தைய தை மாதத்திலிருந்து, திருத்தணியில் ஜெயபாலின் பங்க்கில் பெட்ரோல் போட்ட வண்டிகள் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அம்மையார்குப்பத்துக்குப் போய் நின்றன. முதலில் போனது ஒரு கல்யாணக் கார். கனகம்மாசத்திரத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளை ஜரிகைத் தலைப்பாகையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, கார் கடைத்தெருவைத் தாண்டியதும் கிழக்கே திரும்ப வேண்டியது மேற்கே திரும்பியது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பலங்கொண்ட மட்டும் ஒடித்துப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், கடைசியில் மலைமேல் இருக்கும் முருகனைக் கூப்பிட்டுப் பார்த்தார். கார் ஆர்.கே. பேட்டையைக் கடந்து, அம்மையார்குப்பத்து நெசவாளர் தெருவில் ஒரு கூரை வீட்டு வாசலில் நின்று அணைந்தது. முகூர்த்தம் தவறியது. பொழுது சாய்ந்ததும், டிரைவர் சாவியைக் கையில் வைத்திருக்கும்போதே, காரின் முன்விளக்குகள் தாமாக எரிந்து வீட்டுக்குள்ளே தறி வரைக்கும் வெளிச்சம் போட்டன. அந்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தறியில் இறங்கி நெய்ய ஆரம்பித்தார். விளக்குகள் அணைந்தபோது கார் பழையபடி சாதாரண காராகி, சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனது.

அடுத்து மதராஸுக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு போன திருவாலங்காட்டு லாரி வந்தது. வரி வசூலுக்குப் புறப்பட்ட தாசில்தார் கார் வந்தது. தாசில்தார் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தேய்க்கும் ஒரு தெருவில் இறங்கி, இது எந்த ஊர் என்று மூன்று பேரிடம் கேட்டார். ஒவ்வொரு வண்டியும் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து நின்றது. சில வீடுகளுக்கு இரண்டு வண்டிகள்கூட வந்தன. திருத்தணியில் சிலர் இதைப் பேய் என்றார்கள், சிலர் ஜப்பான்காரன் வேலை என்றார்கள். ஆனாலும் பெட்ரோல் போடுவதை யாரும் நிறுத்த முடியவில்லை. ஊரில் இருந்தது அந்த ஒரே பங்க். பெட்ரோலுக்கு சர்க்கார் கொடுத்த ரேஷன் கூப்பனும் அங்கேதான் செல்லும்.

ஜெயபால் அதுவரைக்கும் கெட்ட பெயர் எடுத்தவரல்ல. பாட்டன் காலத்தில் மிஷன் துரைகளிடம் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுப்பவர் அவர்தான். யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து, பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு இருமி இருமி ஓடிய அந்த நாளில், சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு பங்க்கிலும், விற்கிற பெட்ரோல் என்ன தரம் என்று பலகை எழுதி மாட்ட வேண்டும். பலகையில் உள்ளதுதான் தொட்டியிலும் இருக்க வேண்டும். ஜெயபால் தமிழிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார்: முதல் தரம், கலப்பு அற்றது. அது எழுதப்பட்ட அன்று உண்மையாகத்தான் இருந்தது. பலகை காய்ந்த பிறகு துரைக்கண்ணு வந்தார். சுற்று ஊர்களுக்கு ரேஷன் மண்ணெண்ணெய் கொடுக்கும் டிப்போ அவருடையது.

“வண்டிக்காரனுக்கெல்லாம் இல்ல இல்லன்னு சொல்லிகினு எத்தன நாளிக்கு உக்காந்திருப்பீங்க? எங்கிட்ட கிருஷ்ணாயில் கீது. கொஞ்சம் கலந்துக்குங்க.”

“சர்க்கார் போர்டு மாட்டியிருக்குதே.”

“அதனாலதான் சொல்றேன். போர்டு இல்லாதப்ப மோந்து பாத்தாங்க. இப்ப எவன் மோந்து பாக்கப் போறான்?”

ஜெயபால் இரண்டு நாள் யோசித்தார். பிறகு துரைக்கண்ணுவின் பீப்பாய்கள் பங்க்குக்கு வரத் தொடங்கின. தன் சொந்தக் காருக்கு மட்டும் கலக்காத பெட்ரோலைத் தனியாக ஒரு தகர டின்னில் எடுத்துவைத்துக்கொண்டார். அந்த மண்ணெண்ணெய் எந்த ஊருக்குச் சேர வேண்டியது என்று அவர் கேட்கவில்லை. துரைக்கண்ணுவும் சொல்லவில்லை.

அது அம்மையார்குப்பத்துக்குச் சேர வேண்டிய ரேஷன். அந்த ஊருக்கு மட்டும் புரட்டாசியிலிருந்து எண்ணெய் வரவில்லை. ஸ்டாக் இல்லை என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். இருட்டினால் தறி நின்றது. தறி நின்றால் அடுப்பும் ஒரு வேளைக்கு நின்றது. அந்தத் தெருவில் கெங்கம்மாள் என்று ஒருத்தி, மகன் வேடியப்பனோடும் மருமகள் கௌரியம்மாளோடும் இருந்தாள். தெருவில் பாதிப் பிள்ளைகளைப் பிரசவத்தில் வாங்கியெடுத்தது கெங்கம்மாளின் கைதான். கார்த்திகை மாதத்தில் கௌரியம்மாளுக்கே வலி வந்தது. வீட்டில் விளக்கில் ஈரம்கூட இல்லை. வேடியப்பன் தென்னங்கீற்றைக் கொளுத்திக்கொண்டு வந்தான். கூரையில் பொறி பறந்ததும் அக்கம்பக்கத்தார் அதைப் பிடுங்கி அணைத்துவிட்டார்கள். கெங்கம்மாள் எல்லாவற்றையும் கையால் தடவித்தான் செய்தாள். பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது அவளுடைய விரல்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பிள்ளை அழவில்லை. அது ஆண்பிள்ளை என்று விடிந்த பிறகுதான் பார்த்தார்கள். கௌரியம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுவரை நேராகப் போய்க்கொண்டிருந்த வண்டிகள் அதற்கடுத்து வந்த தையில்தான் வழி மாறத் தொடங்கின.

மாசியில் சித்தூரிலிருந்து வேதாசலம் என்ற பரிசோதகர் வந்தார். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. பெட்ரோல் தரம் பார்ப்பது அவர் உத்தியோகம். பம்ப்பிலிருந்து கொஞ்சம் பிடித்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். நல்ல பெட்ரோல் என்றால் காற்றில் பறந்து காகிதம் வெளுத்துவிடும். இது வட்டமாகக் கறை விட்டது. அவர் பலகையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஜெயபாலைப் பார்த்தார். பீப்பாயில் வரும்போதே இப்படித்தான் வருகிறது என்றார் ஜெயபால். வேதாசலம் ஒரு சீசாவில் மாதிரி எடுத்து அரக்கு முத்திரை வைத்தார். மதராஸ் சோதனைச் சாலையிலிருந்து பதில் வரும்வரை பங்க்கை மூட விதியில் இடமில்லை. வண்டிகள் வழி மாறும் விஷயம் என்னவென்று தெரியட்டும் என்று தன் ஜீப்பிலும் ஒரு காலன் பெட்ரோல் போட்டுக்கொண்டு சித்தூருக்குக் கிளம்பினார். ஜீப் அவரை அம்மையார்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் இறக்கியது. விளக்கு எரிந்து முடியும்வரை அவர் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, தெருவாரிடம் எண்ணெய் எப்போதிலிருந்து வரவில்லை என்று விசாரித்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் கலப்படத்தைக் காகிதத்தில் பார்த்திருக்கிறாரே தவிர, அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்ததில்லை.

இதெல்லாம் ஜெயபால் காதுக்கும் வந்தது. அவர் அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அதுவரை செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தார்.

பங்குனியில் அவருடைய மகள் பிரேமகுமாரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம், நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது வலி எடுத்தது. மருமகன் எலியேசர் பதறிக்கொண்டு காரை எடுத்தான். ஜெயபாலும் மனைவி மார்கரெட்டும் பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்கி ஏற்றினார்கள். அரக்கோணத்தில் லேடி டாக்டர் இருந்தார். அரை மணி நேரத்தில் போய்விடலாம். முச்சந்தியில் கார் தெற்கே திரும்பவில்லை.

“மாமா, ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது!”

ஜெயபால் எலியேசரின் தோளைப் பிடித்து உலுக்கினார். “எதுலருந்து ஊத்தின? டின்னுலருந்துதானே?”

“டின்னு காலியா இருந்திச்சிங்க. பம்ப்புலருந்து அடிச்சிகினேன்.”

“நிறுத்து! வண்டிய நிறுத்து!”

“நிக்கலீங்க மாமா!”

மார்கரெட் மகளின் தலையை மடியில் பிடித்தபடி கணவரைப் பார்த்தாள். “பம்ப்புல ஊத்தினா இன்னாங்க? முதல் தரம்னு நீங்கதானே எழுதி மாட்டினீங்க?”

ஜெயபால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவே மார்கரெட்டுக்குப் பதிலாக இருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் தன் கணவரை அப்படிப் பார்த்ததில்லை. ஏதோ வேற்று ஆள் வண்டியில் ஏறிவிட்டதுபோலப் பார்த்தாள்.

“நைனா, தாங்கல நைனா. இன்னும் எவ்ளோ தூரம்?” என்றாள் பிரேமகுமாரி.

“வந்துட்டோம்மா,” என்றார் ஜெயபால். எங்கே என்று சொல்லவில்லை.

இருட்டுகிற நேரத்துக்குக் கார் கெங்கம்மாள் வீட்டு வாசலில் நின்றது. அவள் வெளியே வந்தாள். வண்டிகள் வருவது அந்தத் தெருவுக்கு அதற்குள் பழகிப்போயிருந்தது.

“அம்மா, பொண்ணு வலியில துடிக்குது. அரக்கோணம் போவணும், வண்டி இங்க வந்துட்டுது,” என்று மார்கரெட் அழுதாள்.

“இங்க வர்ற வண்டிங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுதுங்க. எறக்கு பொண்ண.”

தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். காரின் விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் வாசலைத் தாண்டி, பாவு நூலைத் தாண்டி, பாய் வரைக்கும் நீண்டது. கௌரியம்மாள் பிரேமகுமாரியின் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வெளியே நிற்க முடியாமல் ஜெயபால் வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் சட்டென்று இருண்டது.

“யார்ரா அது குறுக்கால நிக்கிறது?” கெங்கம்மாள் கத்தினாள். “கழுத்துல கொடி சுத்திகினு கீது! வெளிச்சத்த மறைக்காத!”

ஜெயபால் சுட்டதுபோல நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டார். கெங்கம்மாளின் விரல்கள் இந்தத் தடவை கண்ணால் பார்த்து வேலை செய்தன. கொடி தளர்ந்து தலைக்கு மேலாகக் கழன்றது. எலியேசர் சாலையிலேயே முழங்காலிட்டிருந்தான். பிறகு பிள்ளை அழுதது.

“பொம்பளப் புள்ளங்க,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னது. பொழுது சாய்ந்த பிறகு கௌரியம்மாளின் குரலைக் கேட்டு, வெளியே நின்ற வேடியப்பன் திடுக்கிட்டுப் போனான்.

கெங்கம்மாள் கை கழுவ வெளியே வந்தாள். ஜெயபால் அவள் முன்னால் போய் நின்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்; யாரும் அவரைக் கேட்கவில்லை.

“உங்க ஊரு கிருஷ்ணாயில பெட்ரோல்ல கலந்தது நான்தாம்மா.”

அவள் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. “கார்த்திகை மாசமுமா?”

“ஆங்.”

“எங்க வூட்டுப் புள்ள இன்னா நெறம்னுகூட நான் அன்னிக்கு ராவுல பாக்கல,” என்றாள். பிறகு, “உன் பொண்ணு எவ்ளோ நாள் வேணும்னாலும் இருக்கட்டும். நீ உள்ள வராத,” என்று சொல்லிவிட்டு மீதித் தண்ணீரைக் கீழே கொட்டினாள். அவள் உள்ளே போனதும் கார் விளக்குகள் அணைந்தன.

ஜெயபால் அந்த ஊரிலிருந்து திருத்தணிக்கு நடந்தே வந்தார். வெயில் ஏறுகிற நேரத்தில் பங்க்கில் ஏணி போட்டு ஏறி, பலகையைச் சுரண்டிவிட்டு, மூன்று பாஷையிலும் புதிதாக எழுதினார்: இதில் அம்மையார்குப்பத்து மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது. கடைத்தெரு முழுவதும் கூடி நின்று படித்தது. சர்ச்சிலிருந்து வந்த மூப்பர் ஒருவர் படித்துவிட்டுக் குடையை அங்கேயே மறந்துவிட்டுப் போனார். வேதாசலம் மறுபடி வந்து, பலகையில் உள்ளதும் தொட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்கும் ஒரு பங்க்கை அந்த ஜில்லாவில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஜெயபாலைக் கைது செய்ய ஏற்பாடு செய்தார். துரைக்கண்ணு மீதிப் பீப்பாய்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு நகரி பக்கம் ஓடப் பார்த்தார். அவசரத்தில் அந்த லாரிக்கும் ஜெயபால் பங்க்கில்தான் பெட்ரோல் போட்டிருந்தார். அம்மையார்குப்பத்தில் லாரி நின்றபோது அவர் இறங்க மறுத்து, போலீஸ் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீப்பாய்களைத் தெருவார் வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்கள்.

ஜெயபால் சிறையிலிருந்து வந்த பிறகு பங்க் பக்கம் போகவில்லை. பங்க்கை மார்கரெட் நடத்தினாள். அவள் கணவருக்குச் சோறு போட்டாள். பேச ஆரம்பிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பிரேமகுமாரி வருஷத்துக்கு ஒருமுறை மகளைத் தூக்கிக்கொண்டு கெங்கம்மாளைப் பார்க்கப் போனாள். ஜெயபாலும் கூடப் போவார். தெருமுனையிலேயே நின்றுவிடுவார்.

தொட்டியில் மிச்சமிருந்த கலப்பு எண்ணெயை என்ன செய்வது என்றுதான் சர்க்காருக்குத் தெரியவில்லை. அதைப் பெட்ரோல் என்று விற்கவும் முடியாது, மண்ணெண்ணெய் என்று விற்கவும் முடியாது. சித்தூருக்கும் மதராஸுக்கும் காகிதங்கள் போய்வந்தன. யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து, வேதாசலம் யோசனைப்படி அதற்குத் தனி வகுப்பு ஒன்று ஒதுக்கி, தனிப் பலகையோடு விற்கலாம் என்று உத்தரவு வந்தது. மார்கரெட் எழுதி மாட்டினாள்: அம்மையார்குப்பம் ரகம். அந்த ஊருக்குப் போகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் மற்றதைப் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லவில்லை. அந்த எண்ணெய் தீரும்வரை ஒரு பஸ் கம்பெனி கரி அடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த வழியில் சர்வீஸ் விட்டது. டிரைவர் முச்சந்தி வரைக்கும் ஓட்டிவிட்டு, அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் அன்றைக்கு எந்த வீட்டு எண்ணெயோ அந்த வீட்டு வாசலில் போய் பஸ் நிற்கும். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “கெங்கம்மா வூடு, எறங்கு எறங்கு!” என்று கத்துவார். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, அங்கிருந்து அவரவர் வீட்டுக்கு நடந்து போவார்கள்.