பத்துக்கு ஆறு

யாஷ் நகரின் மூன்றேகால் மணி டிராமில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நர்ஸ் ஸ்மராண்டாவால் உட்கார முடியவில்லை. வாங்கிய எள் ரொட்டி கடிபடாமல் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. பணியை ஒப்படைத்தாயிற்று, குறிப்பேட்டில் எதுவும் விடுபடவில்லை. ஐந்தாம் கட்டில்: ஹுர்முசக்கே, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், குடல் அறுவை முடிந்து மூன்றாம் நாள். வலி காலையில் பத்துக்கு மூன்று, நண்பகலில் ஐந்து, இரண்டரைக்கு ஆறு. பத்துக்கு ஏழைத் தொட்டால்தான் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது வார்டின் விதி.

வார்டில் அதை வாசித்துக் காட்டியபோது, அடுத்த ஷிஃப்டுக்கு வந்திருந்த ஒட்டிலியா சிரித்துவிட்டாள்.

"ஆறா? குடுத்து வச்ச வலிடி அது! நாலு வருஷம் அவர்கிட்ட கணக்குப் படிச்சேன். என்ன எழுதினாலும் பத்துக்கு அஞ்சைத் தாண்டல."

"சொந்தப் பொண்ணுக்கு?"

"அவளுக்கும் ஆறுதான். ஒரு வாரம் வீட்ல யாரும் அவர்கூடப் பேசலையாம்."

ஸ்மராண்டாவும் சிரித்தாள், சிரித்தபடியே கையெழுத்திட்டாள்.

இப்போது அந்தச் சிரிப்புதான் அவளை உட்காரவிடவில்லை. வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோது அவர் விடைத்தாள் திருத்துகிறவரைப்போலக் கூரையைப் பார்த்துக் கணக்கிட்டார். ஆறு என்றபோது உதடுகள் வெளுத்திருந்தன. அவள் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். கைபேசியில் அழைத்துப் பார்த்தாள்; வார்டுத் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. எதிர்த்திசை டிராமுக்குக் காத்திருக்க மனமின்றி மருத்துவமனையை நோக்கிக் கோப்போ ஏற்றத்தில் நடந்தாள். பாதியில் ஓடத் தொடங்கினாள்.

"என்னடி, எதை மறந்துட்டுப் போன?" என்றாள் ஒட்டிலியா, மருந்து வண்டியைத் தள்ளியபடி.

ஸ்மராண்டா நேரே ஐந்தாம் கட்டிலருகே போனாள். "சார், இத்தனை வருஷ சர்வீஸ்ல நீங்க போட்ட பெரிய மார்க் எவ்வளவு?"

"ஏழு." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒரே ஒரு தடவை. அதுவும் அவசரப்பட்டுட்டோமோன்னு அப்புறம் தோணிச்சு."

வண்டியின் சக்கரச் சத்தம் நின்றது.

"இப்ப இந்த வலிக்கு?"

அவர் கூரையைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. "ஏழு போடலாமான்னு பாக்கறேன்மா. இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்."

ஒட்டிலியா அதற்குள் மருத்துவரின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். ஸ்மராண்டா போர்வையை விலக்கினாள். அவருடைய வலக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்; பிரிக்கப் பிரிக்க அவை மீண்டும் மூடிக்கொண்டன.