சிறுவாச்சூரில் விழுந்த கோல்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. எண்பத்தேழில், பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் நான் கேட்காமலே சொன்னது. முடிவு மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்பது வெட்கக்கேடு, கடைசியில் சொல்கிறேன். அதுவரை எல்லாம் தெரிந்தவன் போலத்தான் பேசுவேன், கண்டுகொள்ளாதீர்கள்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: “1981, காணும் பொங்கல். மாலை வெயில் பொன்னை உருக்கி—”

அடச்சே! சிறுவாச்சூர் வெயில் என்றைக்குப் பொன்னாக இருந்தது? மண்டையைப் பிளக்கும். அடித்துவிட்டேன். அடுத்தது: “அய்யம்பெருமாள் பார்த்ததை மட்டுமே எழுதுவான்.” இது தேவலாம். இதையே வைத்துக்கொள்வோம்.

2

அய்யம்பெருமாளுக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை. வாசலில் ஒரு கரும்பலகை. ஊர் ஹாக்கிக் குழு எங்கே ஆடினாலும் கூடவே போய்விடுவான். மறுநாள் காலை ஏழரைக்குள் ஆட்டத்தின் லட்சணம் சாக்பீஸில் பலகைக்கு வந்துவிடும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அவன் ஒருநாளும் மட்டையைத் தொட்டவன் இல்லை. ஆனால் முந்தைய வருஷம் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வாங்கியபோதே, “வெற்றி. ஆனாலும் கடைசி ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கியிருக்க வேண்டாம்” என்று எழுதிய மகராசன்.

(பலகை வாங்கியது என்னவோ ‘இன்று சைக்கிள் இல்லை’ என்று எழுதத்தான். பதினோரு வருஷத்தில் அதை ஒரு தடவைகூட எழுதவில்லை. யாவாரம் அப்படி.)

அவனுக்கும் சம்பூர்ணத்துக்கும் தை மாதக் கடைசியில் பூ வைப்பதாகப் பேச்சு. சம்பூர்ணத்தின் அண்ணன் நல்லதம்பி. நல்லதம்பிதான் ஊர்க் குழுவின் கோல் கீப்பர். எங்கே இடிக்கப் போகிறது என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

3

காணும் பொங்கலன்று சிறுவாச்சூர்ப் பொட்டலில் அரியலூர் குழுவோடு ஆட்டம். முடிய மூன்று நிமிஷம் இருக்கும்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கிற காளி கோயில் திறந்திருக்கிற நாள். [ஆட்டம் வியாழக்கிழமை நடந்திருந்தால் நானும் நீங்களும் இந்நேரம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.]

அரியலூர் கொளஞ்சி பந்தை அடித்தான். அடித்த அதே நொடியில் கோயிலில் தீபாராதனை மணி.

நல்லதம்பி மட்டையைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டான். அவனை மட்டும் சொல்வானேன்? ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடியே கும்பிட்டார். அடித்த கொளஞ்சியே கும்பிட்டான். பந்துக்குத்தான் பக்தி இல்லை. அது பாட்டுக்கு உருண்டுபோய் உள்ளே படுத்துக்கொண்டது.

ஒன்று, சைபர். அரியலூர்க்காரர்கள் கண்ணைத் திறந்த பிறகுதான் குதித்தார்கள்.

4

மறுநாள் விடிந்ததும் நல்லதம்பி கடைக்கு வந்துவிட்டான்.

“மாப்ள, பந்து கல்லுல பட்டு எகிறிடுச்சுன்னு எழுதிடுங்க.”

“கல்லு எங்க மச்சான் இருந்துச்சு?”

“நீங்க எழுதினா இருக்கும். நான் சாமி கும்புட்டேன்னு எழுதிப் பாருங்க, பஸ்ஸுல போறவன் வர்றவன்லாம் என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுவான். அப்பறம் பூ வைக்கிற பேச்சே கெடையாது, ஆமா!”

அவன் எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தான். பின்னாலேயே மாவு மில்லுக்குப் போகிற சாக்கில் சம்பூர்ணம். முந்தின நாள் அவளும் கோயிலுக்கு வந்து, பொட்டல் ஓரத்தில் நின்றவள்.

“அண்ணன் கல்லுன்னு எழுதச் சொல்லியிருக்குமே?”

அய்யம்பெருமாள் செயினுக்கு எண்ணெய் விட்டான்.

“எழுதுங்க. ஆனா நான் ஒங்களக் கட்டிக்க மாட்டேன். நாளைக்கு எங்கிட்டயும் எதுக்கெடுத்தாலும் கல்லும்பீங்க.”

“அதுக்கில்ல சம்பூர்ணம்...”

“சரி, பந்து எந்தப் பக்கமா உள்ள போச்சு? சொல்லுங்க பாப்போம்.”

அவன் எண்ணெய் விட்ட செயினுக்கே மறுபடியும் எண்ணெய் விட்டான்.

“தெரியாதுல்ல? நீங்களுந்தான் கண்ண மூடிட்டீங்க!”

“ஒனக்குத் தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் ஒங்களையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். அய்யம்பெருமாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவமானமும் தாங்கவில்லை. பதினோரு வருஷம் ஊரையே குறை சொன்ன கண், கோல் விழுந்த நேரத்தில் மூடிக் கிடந்திருக்கிறது.

5

“கோல் கீப்பர் கும்பிட்டுக்கொண்டிரு—” எழுதினான், அழித்தான்.

“மைதானத்தில் கிடந்த கல்—” அழித்தான்.

“அரியலூர் அணி சிறப்பாக—” இதை எழுதினால் பெரம்பலூரே கல்லெடுக்கும். அவசரமாக அழித்தான்.

என்னிடம் ஒரு வரி இருக்கிறது: “நானும் கண்ணை மூடியிருந்தேன். கோலைப் பார்க்கவில்லை.” இதை எழுதிவிட்டால் பொய் இல்லை, மச்சான் மானமும் தப்பிக்கும். ஆனால் பலகையின் மதிப்பு அன்றோடு போச்சு. அந்த மதிப்பு ஒன்றுதான் அவனுடைய சொத்து, சைக்கிளெல்லாம் பஞ்சர். எழுதுவானா? எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை. என் ஆசையை யார் கேட்டார்கள்?

6

ஏழரை. ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அய்யம்பெருமாள் ஒதுங்கி நின்றான். டீக்கடையிலிருந்து நல்லதம்பி வந்தான். மில்லிலிருந்து மாவுத் தூக்கோடு சம்பூர்ணம் வந்தாள்.

“என்ன எழுதினான் தெரியுமா சார்?” என்று பக்கத்து சீட்டுக்காரர் தூசி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து பஸ் சிறுவாச்சூருக்குள் நுழைந்தது. காளி கோயில் பக்கம் பார்த்து டிரைவர் கும்பிட்டார், கண்டக்டர் கும்பிட்டார், நானும்—

ஆமாம். மூடிவிட்டேன்.

திறந்தபோது அவர் எழுந்து நின்றார். உள்ளங்கையால் கண்ணாடியைச் சுத்தமாக, ஒரு எழுத்து பாக்கியில்லாமல் அழித்துக்கொண்டிருந்தார். பலகை அழித்துப் பழகிய கை மாதிரி இருந்தது. முன் சீட்டிலிருந்து ஒரு அம்மா, “கதை போதும், எறங்குங்க” என்றது. இருவரும் இறங்கிப் போனார்கள்.

பஸ் முழுக்கக் கண்ணை மூடியிருந்த நேரத்தில் திறந்து வைத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். கண்ணாடியில் என்ன எழுதியிருந்தது? சொல்லுங்கள். கல்லு என்று மட்டும் சொல்லாதீர்கள்.