கூன்டாரி பப் இடம்பெயர்ந்த வரலாறு

மெர்வின் டிரான்டர் குடியை விடுவதென்று முடிவெடுத்த பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை, கூன்டாரி என்ற கோதுமை ஊரின் ஒரே பப் அஸ்திவாரத்தோடு எழுந்து அவன் பின்னால் நடக்கத் தொடங்கியது. இரண்டு மாடி, கல் சுவர், சுற்றிலும் இரும்புப் பூவேலை வைத்த தாழ்வாரம். நூறு வருஷத்துக் கட்டடம் என்பதால் வேகமாக வராது; ஆனால் விடாது. அவன் நின்றால் பத்தடி தள்ளி நிற்கும். உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதில் பெரிய தொந்தரவு இல்லை. கோப்பையை விளிம்புவரை ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். அந்த வாரம் கோதுமை விலை இறங்கியிருந்ததால் ஊருக்குப் பேச வேறு விஷயமும் இருந்தது.

முடிவு அவனுடையது என்பதைவிட அவன் மனைவி நோரீனுடையது. இருபத்தாறு வருஷம் பொறுத்தவள், காலை டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "மூணு செவ்வாக்கெழமை தர்றேன் மெர்வ். குடிய விடுறவங்க கூடுற அந்தக் கூட்டத்துக்கு நீ போயிட்டு வந்தேன்னா சரி. இல்லேன்னா மூணாவது புதன்கெழமை பஸ்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்ற டிக்கெட் எடுக்க மாட்டேன்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மெர்வினுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

குடியை விட நினைப்பவர்கள் கூடும் அந்தக் கூட்டத்துக்குத் தபால் ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. செவ்வாய் மாலை ஐந்து மணி, பப்பிலிருந்து கிழக்கே பதினோராவது தகரக் கொட்டகை, கீழே ஒரு போன் நம்பர். ரயில்வேக்காரர்கள் விட்டுப்போன கொட்டகைகள் அறுபது, ஒன்றுபோல் ஒன்று, எதற்கும் எண் கிடையாது. கூன்டாரியில் எந்த வழியும் பப்பிலிருந்துதான் சொல்லப்படும், கல்லறைக்குப் போகிற வழிகூட. யாரையாவது கேட்டிருக்கலாம்தான். கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மெர்வினுக்கு வெட்கம். இரண்டு மாடிக் கட்டடம் பின்னால் வர நடக்கிறவன் இதை மறைக்கப் பார்த்தது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

முதல் செவ்வாயன்று பப் நின்ற இடத்திலிருந்தே கிழக்கே எண்ணிக்கொண்டு போனான். அவன் ஒரு கொட்டகையைத் தாண்டினால் பப்பும் ஒன்றைத் தாண்டியது. பதினொன்று வரவே இல்லை. ஊர் எல்லைக் கம்பிவேலியில் முட்டித் திரும்பினான். இரண்டாம் செவ்வாயன்று புத்திசாலித்தனமாக, பப் முன்பு இருந்த காலி மனையின் நடுவில் போய் நின்று எண்ணத் தொடங்கினான். பின்னால் வந்த பப்புக்குத் தன் பழைய இடத்தைப் பார்த்ததும் பாசம் வந்திருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டது. பார்த்தால் மெர்வின் உள்ளே, தன் வழக்கமான முக்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறான். முப்பது வருஷக் கூட்டாளி கிளாரி ஒரு கோப்பையை அவன் முன் நகர்த்தினான். அந்தச் சீமையில் அடுத்தவன் வாங்கித் தந்த சுற்றைக் குடித்துவிட்டுத் தன் சுற்றை வாங்காமல் எழுந்து போகிறவன் மனிதரில் சேர்த்தி இல்லை. அன்று சுற்றுக்கு அவனைத் தவிர ஏழு பேர்; ஆளுக்கொரு சுற்று முடிவதற்குள் ஐந்து மணிக் கூட்டம் கலைந்திருந்தது. இரவு நோரீன் பஸ் நேரத்தை எழுதி வைத்தாள்.

மூன்றாம் செவ்வாய் மாலை நாலே முக்காலுக்கு, கோதுமைக் கிடங்குப் பக்கத்து டெலிபோன் கூண்டிலிருந்து அவன் அந்த நம்பரைச் சுழற்றினான். எடுத்தது தபால் ஆபீஸ் கிளெனிஸ்.

"பேரு சொல்லணுமா?" என்று கேட்டான் மெர்வின்.

"வேண்டாம்ப்பா. சன்னல் வழியா பப்பு தெரியுது மெர்வ்."

"வழி தெரியல கிளெனிஸ். நெசமாவே தெரியல."

"நீ அங்கயே நில்லு. ஒரு எட்டும் வைக்காத. நாங்க வர்றோம்."

கூரைகளுக்கு மேல் தெரிந்த பப்பின் புகைபோக்கியைக் குறி வைத்து கிளெனிஸோடு சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியும் ஒரு பிளாஸ்க் தேநீருமாக. மெர்வினுக்கு ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. போன இரண்டு வாரமும் அதைப் போட்டுவைத்திருந்தார்களாம். சாலை நடுவிலேயே விரித்து உட்கார்ந்தார்கள். மாடித் தாழ்வாரத்திலிருந்து கிளாரி எட்டிப்பார்த்தான். "டேய் மச்சான், உன் சுத்துடா! ஏழு பேரு நாக்கு வறண்டு கெடக்கோம்!" மெர்வினின் முழங்கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தான். எல்லாரும் பெயர் சொல்லித் தொடங்குவது வழக்கம் என்பதால், நாற்பது வருஷமாக அவன் பெயர் தெரிந்தவர்களிடம் அவன் தன் பெயரைச் சொன்னான். சொன்னதும் அழுதுவிட்டான். யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"இது போவுமா?" என்று பப்பைக் காட்டிக் கேட்டான்.

"என்னோடது ஒம்போது வருசம் வந்துச்சு. அது சின்னது, சாராயக் கடை," என்றாள் கிளெனிஸ். "தேத்தண்ணி ஆறுது, குடி."

மறுநாள் காலை பஸ் டிரான்டர் வீட்டு வாசலில் நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நோரீன் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மேற்கே பப் நிற்பதால் மதியம் இரண்டு மணிக்கே கொடிமேல் நிழல் விழுந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் அவள் காலையிலேயே துவைத்து முடித்துவிடுகிறாள்.