வடிகட்டியில் தங்காதவர்

தண்ணீர் வடிகட்டுபவர் மூச்சு விடுவதை நிறுத்திய பிறகும் ஒன்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே யாரும் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் பிழைக்க மூச்சு அவசியமில்லை, இயக்குநர் பேசும்போது தலையாட்டத் தெரிந்தால் போதும். மனைவிக்கு மட்டும் முதல் நாளே தெரிந்தது, குறட்டை நின்றுபோனதால்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, எழுநூறு அடி ஆழத்து நிலத்தடித் தண்ணீரை நுண்ணிய துளைகளுள்ள சல்லடை வட்டில் ஊற்றி, மேலே தங்கியதை நுண்ணோக்கிக்குக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கியதைத் தொட்டியில் கொட்டுவது அவர் வேலை. வட்டில் தங்காதது உயிரே இல்லை என்பது இயக்குநரின் சட்டம். அப்படிக் கொட்ட வேண்டியதில் ஒரு குடுவையை இவர் மூடி வைத்தார். மூன்றாம் வாரம் குமிழி வந்தது. புளிக்கிறதா என்று ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

"அதுங்களுக்கு மூச்சே கிடையாது. கிடைச்சதைப் புளிக்க வச்சுப் பிழைக்குதுங்க. தன்கிட்ட இல்லாததைப் பக்கத்துல இருக்கிறதுகிட்ட வாங்கிக்குதுங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

"நம்ம எதிர்வீட்டுக்காரி மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

இயக்குநரிடம் குடுவையைக் காட்டி இதையே சொன்னபோது அந்த மேதை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அப்படியே ஏதாச்சும் இருந்தாலும் மூச்சைத் தொலைச்ச உருப்படாததுய்யா அது. போய் வட்டை மாத்து."

"தொலைக்கலைங்க. ஆதியிலேருந்தே இருந்ததில்ல. இல்லாததை எப்படித் தொலைக்கிறது?"

பணிக்காலம் முழுவதிலும் அவர் எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். அன்று மாலையே அவருடைய நாற்காலி, இயக்குநரின் தொப்பி உட்காருவதற்காகப் போய்விட்டது.

அதன்பின் அவர் தேவையில்லாததை ஒவ்வொன்றாக விட்டார்: பசி, கோபம், நிழல். உடம்பும் சுருங்கிக்கொண்டே வந்தது. மனைவி பக்கத்தில் இருக்கும்வரை ஒரு அளவோடு நின்றது. தங்கையின் பிரசவத்துக்கு நான்கு நாள் போய்த் திரும்பியவள், தம்ளர் தண்ணீரில் கடுகளவாக மிதந்தவரைக் கண்டாள். மறுவாரம் கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீர் மட்டும் லேசாகப் புளித்தது. அவரை யாரும் கொட்டிவிடக் கூடாது என்பது ஒன்றே அவளுடைய கவலையாயிற்று.

ஆள் வரவில்லையே என்று ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய், "இதுலதான் இருக்காருங்கய்யா" என்றாள். இயக்குநர் அறிவியல் முறைப்படியே நடந்துகொண்டார். தண்ணீரைச் சல்லடை வட்டில் ஊற்றினார், வட்டை நுண்ணோக்கியில் வைத்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் தங்கியிருக்கவில்லை. 'ஆள் இல்லை' என்று எழுதி மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டார். பிறகு, கீழே இறங்கிய தண்ணீரை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அது வேணாததுதானே?"

"வேணாததுதாம்மா."

"அப்ப எனக்குக் குடுங்க."

இயக்குநர் தோளைக் குலுக்கிவிட்டுக் கொடுத்தார். அவருடைய வாழ்நாளில் அவர் கையால் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

மூன்றாம் வாரம் எதிர்வீட்டுக்காரி துக்கம் விசாரிக்க வந்தாள். "இப்படி அவரைத் தொலைச்சிட்டு நிக்கிறியேக்கா" என்று மூக்கைச் சிந்தி, போகிற போக்கில் ஒரு கரண்டி சர்க்கரையும் கேட்டாள். அந்தத் தண்ணீரை ஊற்றி அடுப்பு மேடைமேல் வைத்திருந்த பாட்டிலின் மூடி அப்போது டப்பென்று எழும்பி விழுந்தது.

"அரைக் கரண்டி எடுத்துக்கோ. மிச்சம் அவருக்கு வேணும்" என்று சொல்லி, மூடியைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.